பெருக்காமல் விடவேண்டிய ஒரு மூலை: விடுதி நிர்வாகங்களுக்கு ஒரு திறந்த மடல்

தங்கும் விடுதிகளை நடத்துகிறவர்களுக்கும், அவற்றின் தோட்டங்களுக்குப் பொறுப்பானவர்களுக்கும்,

வணக்கம்.

உங்களில் ஒருவருடைய விடுதியில் போன குளிர்காலத்தில் இரண்டு இரவுகள் தங்கினேன். எந்த விடுதி என்று சொல்லப்போவதில்லை. நான் எழுதவிருப்பது அங்கே மட்டும் நடக்கிற காரியம் அல்ல. அறை சுத்தமாக இருந்தது, வெந்நீர் கேட்ட நேரத்தில் வந்தது, வரவேற்பறையில் இருந்தவர்கள் முகம் சுளிக்காமல் பேசினார்கள். புறப்படும்போது நீட்டிய கருத்துப் படிவத்தில் எல்லாக் கட்டங்களிலும் தாராளமாகவே மதிப்பெண் போட்டேன். ‘தோட்டம்’ என்ற கட்டத்துக்கு வந்ததும் பேனா நின்றுவிட்டது. நான் சொல்ல வேண்டியதை எழுத அங்கே இடம் போதாது. அதனால்தான் இந்த மடல்.

முதல் நாள், விடிந்தும் விடியாத நேரத்தில் தூக்கம் கலைந்து கீழே இறங்கினேன். முன்பக்கம் பெரிய புல்தரை, நடுவில் நீர் தெளிப்பான் சுற்றிக்கொண்டிருந்தது. இரண்டு மைனாக்களைத் தவிர அங்கே பார்க்க எதுவும் இல்லை. கால் போன போக்கில் பின்பக்கம் போனேன். துணி உலர்த்தும் கொடிகளுக்கும் மதில் சுவருக்கும் நடுவே ஒரு கிழட்டு மாமரம், அதன் கீழே செம்பருத்தியும் பெயர் தெரியாத புதர்களும் மண்டிய ஒரு துண்டு நிலம். சருகு கணுக்கால் அளவுக்குக் கிடந்தது. விருந்தினர்கள் பார்க்க வேண்டிய இடமாக அதை யாரும் நினைத்திருக்க மாட்டார்கள்.

அங்கிருந்துதான் அந்தச் சத்தம் வந்தது. ‘சரக், சரக்’. பிறகு ஒன்றுமில்லை. மறுபடியும் ‘சரக், சரக்’. ஓணான் ஓடினால் சத்தம் விடாமல் ஒரே கோடாகப் போகும். எலி என்றால் ஆள் நின்ற மாத்திரத்தில் அடங்கிவிடும். இது இரண்டும் இல்லை. யாரோ பழைய காகிதங்களைப் புரட்டி எதையோ தேடுவது போல நிதானமாகக் கேட்டது. அப்படியே குந்தி உட்கார்ந்தேன்.

புதருக்கடியில் இருந்த இருட்டின் ஒரு பகுதி நகர்ந்தது. முதலில் தெரிந்தது கண்ணை ஒட்டிப் போகும் தடித்த கறுப்புப் பட்டை. பிறகு வெள்ளைத் தொண்டை. ஒரு தத்தலில் அது வெளிச்சத்துக்கு வந்ததும் மற்றதெல்லாம் ஒன்றன்பின் ஒன்றாகத் தெரிந்தன: பச்சை முதுகு, தோளில் பளிச்சென்று ஒரு நீலத் திட்டு, சந்தனத்தை அரைத்துப் பூசியது போன்ற வயிறு, வாலடியில் குங்குமச் சிவப்பு. வால் என்று சொல்லிக்கொள்ள ஒரு விரல்கடை நீளம்கூட இருக்காது. பின்னிக் கட்டிய சடையை யாரோ கத்தரித்துவிட்டது போல, உடம்பு சட்டென்று முடிந்துவிடுகிறது. உடம்புக்குப் பொருந்தாத நீளத்தில் இளஞ்சிவப்புக் கால்கள்.

ஒரு சருகை அலகால் கவ்வி ஓரமாக எறிந்தது. தலையைச் சாய்த்து மண்ணைப் பார்த்தது. இன்னொரு சருகு. அடுத்த முறை குனிந்து நிமிர்ந்தபோது அலகில் ஒரு மண்புழு நெளிந்தது. அதை விழுங்கிவிட்டு அந்தக் குட்டை வாலை மெல்ல மேலும் கீழும் ஆட்டிக்கொண்டு நின்றது. இரண்டு நிமிடம் இருக்கும். நான் மூச்சுவிட்டேனா என்று ஞாபகமில்லை.

அப்போதுதான் எனக்குப் பின்னால் ஈர்க்குமாற்றின் சத்தம் கேட்டது.

பறவை உடனே பறக்கவில்லை. இரண்டு தத்தலில் புதருக்குள் போய், அங்கிருந்து தாழ்வாக எழுந்து மதிலை ஒட்டிப் போனது. விரிந்த இறக்கையில் ஒரு வெள்ளைத் திட்டு மின்னி மறைந்தது.

பெருக்கிக்கொண்டு வந்தவர் ஐம்பது வயதைத் தாண்டியவர். நான் கையைக் காட்டுவதற்கு முன்பே, “ஆறுமணிக்குருவிதானே சார்?” என்றார். “ஐப்பசியில் வந்துவிடும். பங்குனி, சித்திரை வரைக்கும் இந்த மூலையை விட்டு நகராது.”

“தெரிந்துமா அண்ணே பெருக்குகிறீர்கள்?”

அவர் பதில் சொல்லாமல் தலையை நிமிர்த்தி மாடியைப் பார்த்தார். இரண்டாவது மாடியில் ஒரு கண்ணாடி ஜன்னல். “மேனேஜர் அங்கிருந்து பார்ப்பார் சார். சருகு கண்ணில் பட்டால் நான் வேலை பார்க்கவில்லை என்று அர்த்தம். அங்கிருந்து பார்த்தால் தெரியாத அளவுக்கு மட்டும் விட்டுவைப்பேன்.”

அவர் விட்டுவைத்த எல்லையை அப்போதுதான் கவனித்தேன். செம்பருத்திப் புதர் மறைக்கும் தூரம் வரை சருகு. அதற்கு இந்தப் பக்கம் மொட்டை மண், ஈர்க்குமாற்றின் கோடுகள். ஒரு காட்டுப் பறவை ஆறு மாதம் உயிர் வாழ்வதற்கான நிலத்தின் அளவை, ஒரு மாடி ஜன்னலின் கோணம் தீர்மானித்திருந்தது.

அந்தப் பறவையைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். உங்கள் விடுதிப் பதிவேட்டில் அது கையெழுத்துப் போடவில்லையே தவிர, பல விருந்தினர்களைவிட நீண்ட தூரம் பயணம் செய்து வந்தது. இமயமலை அடிவாரத்திலும் மத்திய இந்தியாவிலும் மேற்குத் தொடர்ச்சி மலையின் சில பகுதிகளிலும் மழைக்காலத்தில் கூடு கட்டிக் குஞ்சு பொரிக்கிறது. மழை ஓய்ந்ததும் தெற்கே இறங்கி, தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் குளிர்காலத்தைக் கழிக்கிறது. பயணம் இரவில். ஆளுடைய உள்ளங்கையில் அடங்கிவிடும், எடை சுமார் 50, 60 கிராம். அந்தச் சிறிய உடம்பை வைத்துக்கொண்டு, அந்தக் குட்டை வாலோடு, இருட்டில் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் பறந்து வருகிறது. களைத்துப்போய் வீட்டு முற்றங்களிலும் மாடிப்படிகளிலும் விழுந்து கிடப்பதும் உண்டு.

விடியலிலும் அந்தியிலும் கூவுவதால் நம் மக்கள் ஆறுமணிக்குருவி என்றார்கள். மறைந்தே திரிவதால் தோட்டக்கள்ளன் என்றும் ஒரு பெயர். வடக்கே ஒன்பது நிறத்தைச் சொல்லி ‘நவரங்’ என்கிறார்கள். அறிவியல் பெயரில் உள்ள ‘பிட்டா’ தெலுங்கிலிருந்து போனது, அங்கே ‘பிட்ட’ என்றால் சின்னப் பறவை. 1766-இல் இதற்கு முதன்முதலாக அறிவியல் பெயர் வைத்த சுவீடன் நாட்டு இயற்கை அறிஞர் லின்னேயஸ் இதைக் காக்கைப் பேரினத்தில் (நெருங்கிய உறவுள்ள இனங்களின் தொகுப்பில்) சேர்த்து, ‘குட்டை வால் காக்கை’ என்று பொருள்படும் பெயரைக் கொடுத்தார். ஒன்பது நிறமும் உடம்பில் இருக்கக் காக்கை என்று பெயர் வாங்கிய பறவை உலகத்தில் வேறு இருக்குமா தெரியவில்லை. 1816-இல்தான் பிட்டாவுக்கென்று தனிப் பேரினம் வந்தது. ஐம்பது வருடம் காக்கையாகவே காலம் தள்ளியிருக்கிறது, பாவம்.

இனி உங்கள் தோட்டத்துக்கு வருகிறேன். காட்டுப் பறவை விடுதித் தோட்டத்தில் எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். அதற்கு வேண்டியது ‘காடு’ என்ற பெயர்ப் பலகை அல்ல. தலைக்கு மேல் நிழல், கால் உயரத்தில் மறைவு, காலடியில் ஈரமான சருகு. இந்த மூன்றும் ஒரு சென்ட் நிலத்தில் அமைந்தாலும் இறங்கிப் பார்க்கும். மூன்றில் மிக முக்கியமானது சருகு. அதைத்தான் நீங்கள் தினமும் காலையில் கூட்டி அள்ளி, மூட்டை கட்டி, சில இடங்களில் கொளுத்தவும் செய்கிறீர்கள்.

ஒரு பிடி சருகை அள்ளி வெள்ளைத் துணியில் உதறிப் பாருங்கள். மேலடுக்கு காய்ந்து நொறுங்கும். அதற்குக் கீழே இலை நரம்பு மட்டும் மிஞ்சிய வலைகள், அவற்றை ஒட்டவைக்கும் வெண்பூஞ்சை இழைகள். இன்னும் கீழே காபிப் பொடி போலக் கறுத்து, மழை மணம் வீசும் மண். அதிலிருந்து மரவட்டை சுருண்டு விழும், சின்ன நத்தை விழும், கறையான், எறும்பு, வண்டுப் புழு, சிலந்தி எல்லாம் ஆளுக்கொரு பக்கம் ஓடும். மண்புழு மேலே வந்து நடமாடுவதே அந்த ஈரப் போர்வை இருப்பதால்தான். போர்வையை இழுத்துவிட்டால் இரண்டு வெயிலில் மண் இறுகிவிடும், புழு ஆழத்துக்குப் போய்விடும், மற்றவை செத்துப்போகும். பிட்டா மரத்தில் பழம் தேடும் பறவை அல்ல. தரையில் நடந்து, சருகைப் புரட்டித்தான் அதற்குச் சாப்பாடு. கூட்டிச் சுத்தமாக்கிய தரை அதற்குக் கழுவிக் கவிழ்த்த பாத்திரம்.

இதில் உங்களுக்கும் ஒரு நஷ்டக் கணக்கு உண்டு. மரம் தனக்குத் தானே போட்டுக்கொள்ளும் எருவை அள்ளி வெளியே அனுப்பிவிட்டு, எரு மூட்டையை உள்ளே வாங்குகிறீர்கள். சருகு மூடிய மண் ஈரத்தைப் பிடித்துவைத்திருக்கும், திறந்த மண்ணுக்குக் குழாயைத் திறந்துகொண்டே இருக்க வேண்டும். இதை உங்கள் தோட்டக்காரரிடம் கேட்டால் என்னைவிட நன்றாகவே சொல்வார். ஆனால் அவரிடம் யார் கேட்கிறார்கள்?

பாம்பு வரும் என்பீர்கள். நியாயமான பயம்தான், அதை நான் சிரித்துத் தள்ள மாட்டேன். விருந்தினர் நடக்கும் பாதையோரத்திலும், அறை வாசலிலும், குழந்தைகள் விளையாடும் இடத்திலும் சருகை வாரிவிடுங்கள், அதில் எனக்கு மறுபேச்சு இல்லை. நான் கேட்பது நடமாட்டம் இல்லாத ஒரு மூலை. முடிந்தால் சுற்றிலும் முழங்கால் உயரத்துக்கு ஒரு வேலி போட்டுவிடுங்கள், யாரும் உள்ளே கால் வைக்க மாட்டார்கள். இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பாம்பு பெரும்பாலும் எலியைத் தேடி வருகிறது, எலி சமையலறைக் கழிவைத் தேடி வருகிறது. நான் தங்கிய இடத்தில் மூடியில்லாத எச்சில் தொட்டி ஒன்று பின்வாசலிலேயே இருந்தது. அதை ஒருவரும் ஆபத்து என்று சொல்லவில்லை. மாவிலைச் சருகுதான் ஆபத்தாம்.

கொசுவுக்கும் இதே பதில்தான். கொசு முட்டையிடுவது தேங்கிய தண்ணீரில். சருகுக்குள் கிடக்கும் பிளாஸ்டிக் கோப்பை, பாட்டில் மூடி, உடைந்த தொட்டி ஆகியவற்றில் தண்ணீர் நிற்கும், அவற்றைப் பொறுக்க வேண்டியதுதான். அதை விட்டுவிட்டு அந்தி நேரத்தில் தோட்டம் முழுக்கப் புகை அடிக்கிறீர்கள். புகை பறக்கிற கொசுவைக் கொல்லும், தண்ணீரில் இருக்கும் அதன் புழுவைத் தொடாது. கூடவே வழியில் அகப்பட்ட மற்ற பூச்சிகளையும் கொன்றுவிடும். அது அடிக்கப்படுகிற நேரம் சரியாக மாலை ஆறு மணி. ஆறுமணிக்குருவி கடைசி இரை தேடிவிட்டுக் கூவுகிற நேரம்.

அந்தக் கூவலை அன்று சாயங்காலம் கேட்டேன். நான் போயிருந்த கூட்டத்தை முடித்துக்கொண்டு வந்து துணிக்கொடிக்குப் பக்கத்தில் நின்றேன். வெளிச்சம் சாம்பலாகிக்கொண்டிருந்தது. மாமரத்தின் தாழ்ந்த கிளை ஒன்றில் ஏறி நின்று, தலையைப் பின்னுக்குச் சாய்த்து, அலகை வானத்துக்கு நீட்டி, இரண்டே சுரத்தில் ஒரு சீழ்க்கை. முதலாவது மேலே ஏறியது, இரண்டாவது வழுக்கி இறங்கியது. ஐந்தாறு முறைதான். தூரத்தில் எங்கோ இன்னொன்று பதில் சொன்னது. பிறகு இரண்டும் அடங்கிவிட்டன. உணவுக்கூடத்திலிருந்து ஒலிபெருக்கி வழியாகப் பறவைச் சத்தம் கலந்த ‘இயற்கை இசை’ வந்துகொண்டிருந்தது. கிண்டலுக்காக எழுதவில்லை, உண்மையாகவே வந்தது.

கண்ணாடியைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். வேறொரு ஊரில், வேறொரு விடுதியில், தோட்டத்தைப் பார்த்தபடி தரையிலிருந்து கூரை வரை கண்ணாடிச் சுவர் வைத்திருந்தார்கள். அதன் கீழே ஒரு காலையில் இதே பறவை ஒன்று கிடந்தது. கையில் எடுத்தபோது உடம்பில் சூடு போகவில்லை. ஓர் இறகும் கலையவில்லை, கழுத்து மட்டும் எந்தப் பக்கம் சாய்த்தாலும் அந்தப் பக்கம் சாய்ந்தது. துப்புரவு செய்யும் பெண் ஒருவர் வந்து, “வாரத்துக்கு ஒன்றாவது விழும்” என்று முறத்தை நீட்டினார். அந்தக் கண்ணாடியில் பருந்து வடிவத்தில் ஒரே ஒரு ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. அதைப் பார்த்துப் பறவைகள் பயந்து ஒதுங்கும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். ஒதுங்காது. பறவையின் கண்ணுக்கு அது ஒரு கறை, அதைத் தவிர்த்துவிட்டுப் பக்கத்தில் மோதும். கண்ணாடியில் தெரியும் மரத்தின் பிம்பத்தை அது மரம் என்றே நம்புகிறது. கண்ணாடியின் வெளிப்புறத்தில், 5 சென்டிமீட்டருக்கு ஒன்றாகப் புள்ளிகளோ கோடுகளோ முழுப் பரப்பிலும் இருந்தால்தான் அது தடுப்பு என்று புரியும். கோலம் போடத் தெரிந்த யாரிடமாவது புள்ளி வைக்கச் சொன்னாலே போதும், அழகாகவும் இருக்கும்.

மோதி மயங்கிக் கிடந்தால், தண்ணீரை வாயில் ஊற்றாதீர்கள். காற்றுத் துளையிட்ட அட்டைப் பெட்டியில் வைத்து மூடி, அமைதியான இடத்தில் ஒரு மணி நேரம் விட்டுவையுங்கள். தெளிந்தால் புதர் ஓரமாகத் திறந்து விடுங்கள். தெளியாவிட்டாலோ, இறக்கை தொங்கினாலோ வனத்துறைக்குச் சொல்லுங்கள். வலசை மாதங்களில் மொட்டைமாடி அலங்கார விளக்குகளை இரவு பத்து மணிக்கு மேல் அணைத்துவைப்பதும் இதே கணக்கில் சேரும். இரவில் பறப்பவற்றை வெளிச்சம் திசை மாற்றி இழுக்கிறது.

ஒரு பயமும் இருக்கிறது. இதைப் படித்துவிட்டு யாராவது எதிர்ப்பக்கமாகப் புறப்பட்டுவிடக் கூடாது. ‘எங்கள் விடுதியில் நவரங் பறவை’ என்று பலகை வைத்து, செல்போனில் அதன் குரலை ஓடவிட்டு விருந்தினர்களுக்கு வரவழைத்துக் காட்டுகிற வேலை வேண்டாம். குளிர்காலத்தில் அது தனக்கென ஒரு துண்டு நிலத்தைப் பிடித்துக்கொண்டு தனியாக வாழ்கிறது. குரல் கேட்டால் தன் இடத்தைப் பறிக்க இன்னொன்று வந்துவிட்டது என்று பதறி ஓடிவரும். இரை தேட வேண்டிய நேரமெல்லாம், இல்லாத எதிரியைத் தேடுவதில் போய்விடும். புழுவைத் தட்டில் வைத்துப் படம் எடுக்க விடுவதும் அப்படித்தான். பார்க்க ஆசைப்படுகிறவரைக் காலை ஆறு மணிக்கு ஒரு நாற்காலி போட்டு, தள்ளி, சும்மா உட்காரச் சொல்லுங்கள். பத்தில் ஆறு நாள் காணக் கிடைக்காது. அந்த ஏமாற்றத்துக்கு நீங்கள் பொறுப்பில்லை.

இந்த வருடமும் அதே விடுதியில் தங்க நேர்ந்தது. பையை அறையில் போட்ட கையோடு பின்பக்கம் போனேன். மாமரம் இருக்கிறது. செம்பருத்தி இல்லை, புதர்கள் இல்லை. தரை முழுக்கப் பச்சைப் பிளாஸ்டிக் புல். மதில் சுவரில் ஆளுயரத்துக்கு இரண்டு இறக்கைகள் வரைந்திருக்கிறார்கள், நடுவில் போய் நின்று படம் எடுத்துக்கொள்வதற்காக. நல்ல கைதேர்ந்த ஓவியர்தான் வரைந்திருக்கிறார். இறக்கையில் ஒன்பது நிறத்துக்கும் குறைவில்லை.

தோட்டக்கார அண்ணன் அங்கேதான் இருந்தார். கையில் இப்போது ஈர்க்குமாறு இல்லை, இலைகளை ஊதித் தள்ளும் இயந்திரம். அதை நிறுத்திவிட்டு, நான் கேட்காமலேயே சொன்னார்: “வந்தது சார். ஒரு நாள் சாயங்காலம் இங்கே கத்தியது. மறுநாள் பக்கத்துக் காலி மனையில் கத்தியது.” காலி மனையை எட்டிப் பார்த்தேன். கருவேலும் ஆமணக்கும் குப்பையும். ஓரத்தில் புதிதாகக் கற்கள் நட்டிருந்தார்கள்.

அந்த நிர்வாகத்திடம் நேரில் பேசினேன். மரியாதையாகவே கேட்டுக்கொண்டார்கள். “விருந்தினர்கள் சுத்தத்தைத்தான் எதிர்பார்க்கிறார்கள்” என்றார்கள். இருக்கலாம். நானும் ஒரு விருந்தினன்தான், என் எதிர்பார்ப்பையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். பிளாஸ்டிக் புல் எந்த ஊரில் தங்கினாலும் எனக்குக் கிடைக்கும்.

கேட்பது இவ்வளவுதான். உங்கள் தோட்டத்தில் மரநிழல் விழும் ஒரு மூலையை, ஐப்பசியிலிருந்து சித்திரை வரைக்குமாவது, பெருக்காமல் விடுங்கள். மற்ற இடங்களில் வாரும் சருகையும் அங்கேயே கொண்டுபோய்ப் பரப்பச் சொல்லுங்கள். பூச்சிமருந்தும் புகையும் அந்தப் பக்கம் போக வேண்டாம். அதோடு, தோட்டத்துக்குப் பொறுப்பானவரைக் கூப்பிட்டு, அந்த மூலையில் சருகு கிடப்பது அவருடைய வேலைக் குறையாகக் கருதப்படாது என்று உங்கள் வாயாலேயே சொல்லிவிடுங்கள். முடிந்தால் எழுத்தில் கொடுங்கள், மேனேஜர்கள் மாறிக்கொண்டே இருக்கிறார்கள்.

எந்த மூலை என்று யோசிக்க வேண்டியதில்லை. அவரிடம் கேளுங்கள், தெரியும்.

இப்படிக்கு,
துணிக்கொடிப் பக்கம் நின்றுகொண்டிருந்த விருந்தினன்